பழுதுள்ள புஷ்பக விமானம்

பிறருக்குத் தீங்கு விளைவிக்காத பைத்தியங்களை நம் சமூகம் எக்காலத்திலும் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பதற்கு, தபால் தலை சேகரிப்பவர்களும், குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடை அனுப்புகிறவர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவுடன் தங்கள் குலத்தின் சரித்திரத்தை எழுதத் தொடங்குகிறவர்களும் இன்றும் தெருவில் நிர்ப்பயமாக நடமாடுவதே போதிய அத்தாட்சியாகும். அந்த வரிசையில் என்னைச் சேர்க்கலாமா, கூடாதா என்று எங்கள் மம்சாபுரத்துப் பெரியவர்கள் இன்னும் தீர்மானம் செய்யாமல் ஒத்திவைத்திருக்கிறார்கள். நான் செய்வது விமான மாதிரிகள். அதிலும், எந்த தேசத்திலும் எந்தத் தொழிற்சாலையிலும் எக்காலத்திலும் செய்யப்படாத விமானங்களின் மாதிரிகள். அவற்றிலும் விசேஷமாக, சிறகை நிமிர்த்திக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே மேலெழும்பி, போதிய உயரம் போனதும் சிறகைப் படுக்கவைத்துக்கொண்டு சாதாரண விமானமாகப் பறந்து போகும் சாய்சிறகு விமானங்களின் மாதிரிகள்.

“அண்ணாச்சி, இது பறக்குமா?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

“பறக்காதப்பா, இது மாதிரிதான்.”

“சரி, நெசமான பிளேன் பறக்கும்ல?”

“நெசமான பிளேன்னு ஒண்ணு கிடையாது.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பறக்கும் ஒன்றுக்குப் பறக்காத மாதிரி இருக்கலாம் என்பது அவருக்குச் சம்மதமே. கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மை கடன் கொடுப்பதில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை அல்லவா? ஆனால், இல்லாத ஒன்றுக்கு, அதுவும் பறக்காத மாதிரி ஒன்றைச் செய்வது, சூன்யத்தைச் சூன்யத்தால் பெருக்கும் வியர்த்தமான கணக்காக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். டீக்குக் காசு அவரே கொடுத்துவிட்டுப் போனார். அனுதாபத்தின் அடையாளம் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி, வயலும் தோப்புமாகக் கிடக்கிறது மம்சாபுரம். இங்கே ஓடுபாதை கிடையாது. அருகிலுள்ள விமான நிலையம் மதுரையில் இருக்கிறது. ஆயினும், ஓடுபாதை இல்லாமல் மேலெழும்புகிற வித்தையில் எங்கள் பிரதேசத்துக்குள்ள பாத்தியதை சாமானியமானதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கர்ப்பக்கிருகத்தில் ரங்கமன்னாருக்கும் ஆண்டாளுக்கும் சரியாசனமாகக் கருடாழ்வாரும் எழுந்தருளியிருக்கிறார். பெருமாளைத் திருவரங்கத்திலிருந்து முகூர்த்தத்துக்குத் தாமதமின்றிக் கொண்டுவந்து சேர்த்ததற்காக அவருக்குக் கிடைத்த மரியாதை அது என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. ஆடிப்பூர உற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவில் ஐந்து கருட வாகனங்கள் ஒருங்கே புறப்படுவதையும் நாங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். மற்றொரு பக்கம் ராஜபாளையத்தில் சஞ்சீவி மலை நிற்கிறது. அனுமார் மூலிகைக்காக மலையையே பெயர்த்து ஆகாய மார்க்கமாகக் கொண்டு போனபோது அதிலிருந்து விழுந்த துண்டு அது என்பது ஊராரின் நம்பிக்கை. குறித்த நேரத்தில் பிரயாணிகளைக் கொண்டுவந்து இறக்குவதற்கு ஒரு திருஷ்டாந்தமும், அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றினால் வழியில் என்ன நேரும் என்பதற்கு ஒரு திருஷ்டாந்தமுமாக, இரண்டும் எனக்குக் கூப்பிடு தூரத்திலேயே வாய்த்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் சாய்சிறகு விமானத்தைப் பற்றிச் சிந்திக்காமல் வேறு எதைப் பற்றிச் சிந்திப்பது?

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் யந்திரங்களைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். சுழல்கிற தண்டுகளோடும் சூடேறுகிற பேரிங்குகளோடும் பழகியவனுக்குச் சாய்சிறகு விமானத்தின் தத்துவம் விளங்குவதில் கஷ்டமே இல்லை. ஹெலிகாப்டர் நின்ற இடத்தில் எழும்பும். ஆனால் வேகமாகப் போகாது. விமானம் வேகமாகப் போகும். ஆனால் ஓடுவதற்கு நீண்ட பாதை கேட்கும். இரண்டின் குணங்களையும் ஒரே யந்திரத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், எஞ்சின்களையும் சுழல்விசிறிகளையும் சிறகிலேயே பொருத்தி, அந்தச் சிறகு முழுவதையும் ஒரு கீலின்மேல் திருப்பினார்கள். சிறகு செங்குத்தாக நிற்கும்போது விசிறிகள் வானத்தைப் பார்க்கும். விமானம் மேலே எழும்பும். சிறகு மெல்ல மெல்லச் சாய்ந்து படுக்கும்போது விசிறிகள் முன்னோக்கித் திரும்பும்; விமானம் முன்னே பாயும். 1989-இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க ‘ஆஸ்ப்ரே’யில் சிறகு படுத்தபடியே இருக்க, அதன் நுனிகளிலுள்ள எஞ்சின்கள் மட்டுமே திரும்புகின்றன, ஆகவே விசிறி கீழே தள்ளுகிற காற்றில் ஒரு பகுதி, அதன் சொந்தச் சிறகின்மேலேயே மோதி வீணாகிறது. சிறகே நிமிர்ந்துவிட்டால் இந்த நஷ்டம் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! எந்தக் காரியமும் காகிதத்தில் சுலபமாகத்தான் இருக்கிறது.

மெய்யாகவே செய்தவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். வெர்ட்டால் கம்பெனியார் செய்த வி.இஸட்.-2 என்னும் யந்திரம், 1958 ஜூலையில், எழும்பி, சாய்ந்து, பறந்து, மறுபடி நிமிர்ந்து இறங்கும் முழுச் சடங்கையும் முதன்முதலில் நிறைவேற்றியது. ஆனால் உடம்பில் தோல் போர்த்தாமல், குழாய் எலும்பு அத்தனையும் தெரியும்படி அது ஆகாயத்தில் போயிற்று. அடுத்தாற்போல் ஹில்லர் கம்பெனியாரின் எக்ஸ்-18. பழைய சரக்கு விமானம் ஒன்றின் உடம்பை எடுத்து, கைவிடப்பட்ட வேறொரு திட்டத்தில் மிஞ்சிய எஞ்சின்களை அதற்குப் பூட்டி, 1959-இல் அதைப் பறக்கவிட்டார்கள். சிக்கனத்தில் நம் ஊர்க்காரர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர் அவர்கள். இரண்டு எஞ்சின்களையும் இணைக்கும் குறுக்குத்தண்டு அதில் கிடையாது. ஆகையால் ஒரு பக்கத்து எஞ்சின் நின்றுபோனால் மறுபக்கத்து எஞ்சினால் உதவிக்கு வர முடியாது. போதாக்குறைக்கு, நிமிர்த்திய பெரிய சிறகைக் காற்று பாய்மரமென்றே எண்ணித் தள்ளியது. ஒரு நாள் அது வானத்தில் தலைகீழாகப் புரண்டு சுழல, ஓட்டியவர்கள் எப்படியோ மீட்டுக்கொண்டு வந்து சேர்த்தார்கள். நின்ற இடத்திலிருந்து எழும்புவதற்கென்றே பிறந்த அந்த யந்திரம் ஒரு தடவைகூட அப்படி எழும்பாமலே பணி ஓய்வு பெற்றது.

அதற்குப் பிறகு வந்தது எக்ஸ்.சி.-142. நான்கு எஞ்சின்கள், நான்கையும் பிணைக்கும் தண்டுகள், வாலில் படுக்கையாக ஒரு சிறு விசிறி, சிறகோ செங்குத்தையும் தாண்டி நூறு பாகை வரையில் பின்னுக்குச் சாயும். இது 1964 செப்டம்பர் 29-இல் முதன்முதலாகப் பறந்து, 1965 ஜனவரி 11-இல் முழு மாற்றத்தையும் செய்து காட்டியது. செய்தவை ஐந்து, இப்போது மிஞ்சியிருப்பது ஒன்று, அதுவும் ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரின் பொருட்காட்சிசாலையில் நிற்கிறது. அதன் இரைச்சலும், தண்டுகளின் அதிர்வும், ஓட்டுபவர்களின் கைக்கும் காலுக்கும் அது ஓயாமல் கொடுத்த வேலையும் பிரசித்தமானவை. கனடா தேசத்தார் செய்த சி.எல்.-84 இன்னும் சாதுவானது, 1965-இல் பறந்தது, பிற்பாடு இரண்டு விமானங்கள் விழுந்தபோதும் அவற்றிலிருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். அப்படியிருந்தும் வாங்குவதற்கு ஒரு சர்க்காரும் முன்வரவில்லை.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் துலாம்பரமாயிற்று. இந்த விமானங்களின் நற்குணங்கள் யாவும் ஒன்றே. அவை கம்பெனி விளம்பரத்தில் அச்சிடத் தக்கவை. படித்து ஐந்து நிமிஷத்தில் மறந்துபோகின்றன. மனசில் நிற்பவை அவற்றின் பழுதுகள்தாம். எக்ஸ்-18-ஐ நான் கண்ணால் கண்டவனல்ல. ஆயினும், குறுக்குத்தண்டு இல்லாத அதன் பரிதாபத்தை நினைக்கும்போது, அது இருந்தது என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகம் எழுவதில்லை. யாரும் வேண்டுமென்று கற்பனை செய்துவைக்கக்கூடிய பழுதா அது?

பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். பத்துப் பொருத்தமும் பொருந்தி, தோஷம் எதுவுமே இல்லாத ஜாதகம் ஒன்று வந்தால், அதை எழுதிக் கொடுத்த ஜோசியர் யார் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். செவ்வாய் ஏதோ ஓர் இடத்தில் கொஞ்சம் முரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ‘சரி, இது மெய்யான ஜாதகம்’ என்று மேலே பேச்சை எடுப்பார்கள்.

ஆகாய விமானங்களைக் கற்பனை செய்தவர்களில் இந்த உண்மையை உணராமல் கெட்டவர்களும் உண்டு; உணர்ந்து அமரத்துவம் அடைந்தவர்களும் உண்டு. முதல் வகைக்கு ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் நூலைச் சொல்லலாம். பரத்வாஜ மகரிஷியின் வாக்கு என்று சுப்பராய சாஸ்திரி என்பவர் 1918 முதல் 1923 வரையில் சொல்லிவர எழுதிக்கொள்ளப்பட்டது அந்த நூல். பெங்களூரில் எல்லப்பா என்னும் வரைபடக்காரர் அதற்கு வெகு நேர்த்தியாகப் படங்களும் எழுதிக் கொடுத்தார். சகுன விமானம், சுந்தர விமானம், ருக்ம விமானம், திரிபுர விமானம் என்று ஒன்றை ஒன்று மிஞ்சும் யந்திரங்கள் அதில் உண்டு. நிலம், நீர், ஆகாயம் மூன்றிலும் சஞ்சரிப்பது அவற்றிலொன்று. 1974-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐந்து நிபுணர்கள், அந்தப் படங்களையும் அளவுகளையும் சாவதானமாகப் பரிசீலனை செய்து, நூலின் வயசு இருபதாம் நூற்றாண்டைத் தாண்டவில்லையென்றும், அதிலுள்ள விமானங்களில் ஒன்றாவது பறக்கத் தக்கதல்லவென்றும் அபிப்பிராயம் எழுதினார்கள். காற்றியல் கணக்கைக் கொண்டு அவர்கள் கண்டுபிடித்ததை, என் போன்றவன் வெறும் வாசிப்பைக் கொண்டே கண்டுபிடித்திருப்பான். அந்த விமானங்களில் எதற்கும் ஒரு நாளாவது எண்ணெய் ஒழுகியதாக நூலில் ஒரு வரி கிடையாது.

இரண்டாம் வகைக்குத் திருத்தக்க தேவரே சாட்சி. உ.வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்துத் தமிழுலகுக்கு மீட்டுக்கொடுத்த சீவக சிந்தாமணியில் மயிற்பொறி ஒன்று வருகிறது. கட்டியங்காரனின் சூழ்ச்சி முற்றும் சமயத்தில், கர்ப்பவதியான விசயையைக் காப்பாற்றும்பொருட்டு, மயில் வடிவத்தில் ஒரு பறக்கும் யந்திரத்தைச் செய்வித்து, அதைச் செலுத்தும் வித்தையையும் அவளுக்குப் பயிற்றுவிக்கிறான் சச்சந்தன். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுதில் இதைப் பற்றிப் பிரஸ்தாபித்தேன்.

“ஐயா, அந்த மயிலுக்கு ஓடுபாதை வேண்டுமா?”

“வேண்டாம் தம்பி. பொறியை வலப்புறம் திருகினால் கிளம்பும். இடப்புறம் திருகினால் கால் ஊன்றி இறங்கும். அவ்வளவுதான்.”

“பழுது ஏதாவது உண்டா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இப்படி ஒரு கேள்வியைத் தம் உத்தியோக காலத்தில் எந்த மாணவனும் கேட்டதில்லையே என்று சற்று நேரம் யோசித்தார். பிறகு, பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் விசயை மூர்ச்சையானாளென்றும், திருகுவதற்குக் கை இல்லாமற்போன மயில் அவளைச் சுமந்தபடி ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்கிவிட்டதென்றும், சீவகன் பிறந்தது அங்கேதானென்றும் சொன்னார். எனக்கு மெய்சிலிர்த்தது. காவிய நயத்துக்காக என்று அவர் நினைத்துக்கொண்டார். அதுவும் ஒரு காரணமே. ஆனால் முக்கிய காரணம் வேறு. ஓட்டுபவருக்குப் பிரக்ஞை தப்பினால் யந்திரமும் தப்பாமல் கீழே வந்துவிடும் என்பதும், அதன் பிரயாண எல்லை அரண்மனையிலிருந்து மயானம் வரைக்குமே எட்டிற்று என்பதும் எவ்வளவு மனோகரமான பழுதுகள்! ராவணன் குபேரனிடமிருந்து பறித்த புஷ்பக விமானத்துக்கு இப்படி ஒரு குறையும் சொல்லப்படவில்லை. எத்தனை பேர் ஏறினாலும் இடம் இருக்கும். நினைத்த இடத்துக்குப் போகும். ஆகவே அதைப் பக்தியோடு கும்பிடுகிறோம்; மயிற்பொறியையோ நம்புகிறோம்.

இவ்வளவு பீடிகையும் என் விமானத்தைப் பற்றிச் சொல்லுவதற்காகத்தான். சர்வதேச மாதிரிக்காரர்கள் வழங்கும் 72-இல் ஒரு பங்கு என்னும் விகிதத்தையே நானும் கைக்கொண்டிருக்கிறேன். ஆறடி என்பது ஓர் அங்குலம். கணக்கு வெகு சுலபம். ஆறடி மனிதன் கட்டைவிரலின் முதற்கணு அளவுக்கு வந்துவிடுவான். 192 அடி என்று சொல்லப்படும் ஆண்டாள் கோவில் ராஜகோபுரத்தையே இந்த விகிதத்தில் செய்தால் இரண்டு அடி எட்டு அங்குல உயரத்தில் எங்கள் வீட்டு மேஜைக்கடியில் நிறுத்திவிடலாம். என் விமானத்தின் சிறகு முனைக்கு முனை பதினோரு அங்குலம். அதாவது, அது இருந்திருக்குமாயின், அறுபத்தாறு அடி.

மேல்நாட்டார் இதற்குப் பால்சா என்னும் தென்னமெரிக்க மரத்தை உபயோகிக்கிறார்கள். எனக்குச் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலுக்கு வரும் மென்மரத்துச் சீவல்களே போதும். வளைவான பாகங்களுக்கு நெட்டி. தஞ்சாவூர்க்காரர்கள் அதைக்கொண்டு பெரிய கோவிலையே விமானத்தோடு செய்துவிடுகிறார்களே, எனக்கு வேண்டிய விமானம் அதைவிடச் சிறியதுதானே? எஞ்சின் கூடுகள் நான்கும் ஆலையில் கழித்துக் கட்டிய பாபின்களின் துண்டுகள். விசிறி அலகுகள், ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி ஆவியில் காட்டி முறுக்கியவை. மூக்கு, நூற்கண்டு சுற்றும் காகிதக் கோனின் நுனி. வானொலிக் கம்பி, தென்னை ஈர்க்கு. சிறகின்மேல் போர்த்துவதற்குச் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியை வாங்கிக் கஞ்சி தோய்த்து ஒட்டினேன். அதைக் காயவைத்திருந்த வேளையில் வந்த என் மைத்துனர், சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மச்சான், அடி பலமா?” என்று விசாரித்தார்.

சரீரம் இப்படி உருவாகிக்கொண்டிருக்க, சரித்திரமும் கூடவே உருவாக வேண்டியிருந்தது. இல்லாத விமானத்தைச் செய்கிறவனுக்குள்ள பெரிய சிரமம் இதுவே. உள்ள விமானத்துக்கு மாதிரி செய்கிறவன், ‘ஜன்னல் ஏன் இங்கே இருக்கிறது?’ என்று யாராவது கேட்டால், ‘அவர்கள் அங்கே வைத்தார்கள், நானும் வைத்தேன்’ என்று பொறுப்பை மெய்யின்மேல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். என்னுடைய விமானத்தில் ஒவ்வொரு ஆணிக்கும் நானே ஜவாப்தாரி. எனக்கு ஒத்தாசையாக மெய்ச் சரித்திரத்தில் ஓர் இடுக்கு அகப்பட்டது. எக்ஸ்.சி.-142 முதன்முதலாகப் பறந்தது 1964 செப்டம்பர் 29 என்றேன் அல்லவா? இரண்டு நாள் கழித்து, அக்டோபர் முதல் தேதியன்று, பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உதயமாயிற்று. குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய நிபுணரின் மேற்பார்வையில் 1961-இல் ‘மருத்’ விமானத்தைப் பறக்கவிட்ட கைகள் அங்கே இருந்தன. ஓடுபாதை போட இடமில்லாத இமயமலைக் காவல் நிலையங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் அனுப்ப வேண்டிய அவசியமும் தேசத்துக்கு இருந்தது. அமெரிக்கச் செய்தியை மறுநாள் பத்திரிகையில் படித்துவிட்டு, புதுக் காரியாலயத்தில் முதல் நாள் உத்தியோகத்துக்கு வந்து உட்கார்ந்த ஒரு பொறியாளருக்கு, ‘நாமும் ஒன்று செய்தால் என்ன?’ என்று தோன்றியிருக்கக் கூடாதா? அப்படி ஒருவருக்குத் தோன்றியதாகச் சரித்திரம் இல்லை. தோன்றக் கூடாது என்றும் சட்டம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் என் விமானம் குடியேறியது. ‘மயூரம்’ என்று நாமகரணம் செய்தேன்.

ஆயிற்று, உடம்பு இருக்கிறது, ஊர் இருக்கிறது, வம்சாவளி இருக்கிறது. பழுது ஒன்றுதான் பாக்கி. தகுந்த பழுதைத் தேடுவது எளிதென்று எண்ணிவிடாதீர்கள். அது பெரிதாக இருந்தால் விமானம் பறந்திருக்கவே முடியாது. சிறிதாக இருந்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். பிற விமானத்திலிருந்து எடுத்தாலோ இரவல் பழுது என்று தெரிந்துவிடும். இரைச்சலை வைத்துக்கொள்ளலாமா என்று என் சகதர்மிணியிடம் ஆலோசனை கேட்டேன்.

“ஏங்க, சத்தத்தையெல்லாம் ஒரு குறைன்னு யாரு ஒத்துக்குவா? நீங்க ரம்பத்தை எடுத்து ராவும்போது நான் ஏதாவது சொல்றேனா?” என்றாள். அவள் சொல்லத்தான் செய்கிறாள். ஆனால் அது இந்த விவாதத்துக்குப் புறம்பானது.

விசிறி கிளப்பும் காற்றைக் குறையாக வைக்கலாம் என்று எண்ணினேன். ஹெலிகாப்டரின் பெரிய விசிறி கீழே தள்ளும் காற்றைவிடச் சாய்சிறகின் சிறு விசிறிகள் தள்ளும் காற்று உக்கிரமானது என்பது மெய்யே. தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், ‘மயூரம்’ மம்சாபுரத்தில் இறங்கினால் மாவடு அத்தனையும் உதிர்ந்துபோகும் என்றேன். இல்லாத விமானம் என்று தெரிந்தும் அவர் முகம் இருண்டது. “வேற ஊர்ல இறக்கிக்கோங்க அண்ணாச்சி” என்றார். அவர் மறுபடி என்னோடு சகஜமாகப் பேசுவதற்காக, அந்தப் பழுதை வாபஸ் பெற்றுக்கொள்ளும்படி ஆயிற்று.

கடைசியில், நூற்பாலை அநுபவமே கைகொடுத்தது. ‘மயூர’த்தின் சிறகுக்குள்ளே நான்கு எஞ்சின்களையும் பிணைக்கும் குறுக்குத்தண்டு ஓடுகிறது, சிறகின் மத்தியில் அதற்கு ஒரு பல்சக்கரப் பெட்டி. சிறகு படுத்திருக்கும்போது பெட்டியின் அடியில் எண்ணெய் தங்கும், உறிஞ்சுகுழாய் அங்கேதான் இருக்கிறது, யாவும் க்ஷேமம். சிறகு நிமிரும்போதோ பெட்டியும் கூடவே தொண்ணூறு பாகை திரும்பிவிடுகிறது. எண்ணெய் புதிய அடிப்புறத்துக்குப் போய்த் தேங்க, குழாய் காற்றைக் குடிக்க, பேரிங் சூடேறத் தொடங்குகிறது. ஆகையால் ‘மயூரம்’ அந்தரத்தில் நான்கு நிமிஷத்துக்குமேல் நிற்கலாகாது என்று ஓட்டுபவர்களின் கைப்புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அந்தப் புத்தகத்தையும் நான்தான் எழுதினேன். இதைக் கண்டுபிடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு சுத்தமான பழுது! நற்குணம் எதுவோ அதன் வயிற்றிலேயே பிறந்த குறை. சிறகு சாயாத விமானத்துக்கு இது வரவே வராது.

பலனை உடனே கண்டேன். உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் நடந்த கண்காட்சியில் விமானத்தை வைத்து, பக்கத்தில் பழுதின் விவரத்தையும் ஓர் அட்டையில் எழுதிவைத்தேன். வேகம், பாரம், உயரம் முதலியவற்றை எழுதியிருந்த அட்டையை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழுதின் அட்டைமுன் கூட்டம் நின்றது. “மைலேஜ் எவ்வளவு?” என்று ஒருவர் கேட்டார். மதுரைக்கு டிக்கெட் என்ன விலை இருக்கும் என்றார் மற்றொருவர். டீக்கடையில் எனக்காகக் காசு கொடுத்த அந்த அன்பரும் வந்து, அட்டையை எழுத்தெழுத்தாக வாசித்து முடித்து, “நாலு நிமிஷத்துல சூடாயிருமா? அப்ப இது கவர்மென்ட் பிளேன்தான், நெசமாவே இருந்திருக்கும். அண்ணாச்சிதான் நம்மகிட்ட மறைக்காரு” என்று பக்கத்திலிருந்தவரிடம் தீர்ப்புச் சொன்னார். பெங்களூர் நிபுணர்கள் ஐவரும் வைமானிக சாஸ்திரத்துக்கு மறுத்த யோக்கியதாபத்திரம் எனக்கு ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிட்டது.

ஆனால் கூட்டத்தின் பின்னாலிருந்து, பஸ் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர் முன்னே வந்தார். அட்டையை ஒரு தடவை படித்தார், சிறகை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார், மறுபடி படுக்கவைத்தார்.

“எண்ணெய் எங்க போயித் தேங்குதோ அங்கயும் ஒரு குழாயை வச்சுட்டா முடிஞ்சது அண்ணாச்சி. படுத்தா இது இழுக்கும், நிமிந்தா அது இழுக்கும். இதுக்குப் போயி நாலு நிமிஷம்னு எழுதி வச்சிருக்கீகளே?”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. செலவும் அதிகமில்லை, மூன்றடிக் குழாயும் ஒரு வால்வும் போதும், என் விகிதத்தில் அரை அங்குல ஈர்க்கு. கூட்டம் அவரைப் பார்த்துத் தலையசைத்தது. அந்தக் கணத்திலேயே, அவ்வளவு நேரம் மெய்யாக நின்றுகொண்டிருந்த ‘மயூரம்’, தீப்பெட்டி மரமும் பேண்டேஜ் துணியுமாகச் சிறுத்துப்போவதை நான் கண்ணாரக் கண்டேன். உள்ள விமானத்தில் ஒரு பழுதை நீக்கினால் அதற்கு அபிவிருத்தி என்று பெயர். இல்லாத விமானத்தில் நீக்கினால் அதற்கு அந்திமக் கிரியை என்று பெயர். இதை அந்த நல்ல மனிதருக்கு எப்படி விளக்குவது? நன்றி சொல்லி, அவர் யோசனையைக் குறித்துக்கொண்டு, அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது குழாயை வைத்துவிட்டேன். யந்திரங்களோடு வாழ்ந்தவனுக்கு, தெரிந்த பழுதைத் தெரிந்தபின் விட்டுவைக்கக் கை வராது. ஆகவே, இப்போது ‘மயூரம்’ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்தரத்தில் நிற்கும். அதனாலேயே அதை நம்புவார் யாருமில்லை. புதிய பழுது ஒன்று அவசரமாகத் தேவைப்படுகிறது. நேயர்களில் யாரிடமாவது தக்கதொரு குறை உபயோகமின்றிக் கிடந்தால் தெரிவிக்கலாம். அது விமானத்தைக் கீழே தள்ளாததாகவும், மாவடுவை உதிர்க்காததாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளால் மூன்றடிக் குழாயில் தீர்த்துவைக்க முடியாததாக இருக்க வேண்டும். தபால் செலவு என்னுடையது.